மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்குகிறவளுக்கு இன்னொரு பரீட்சை எதற்கு?

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதிக் கேட்டிருக்கிறார். மூன்று ஏக்கர் சாகுபடி. மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள், இப்போது கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு, இதுவரை 84 சதவீதம். எம்.எஸ்சி. சேர ஜாம் எழுதணும், சியூஇடி எழுதணும் என்கிறாளாம். இரண்டும் நாடு முழுக்க நடக்கும் நுழைவுத் தேர்வுகள். அவர் கேட்பது இதுதான். வாங்கிய மார்க்கை வைத்து இடம் கொடுக்காமல் மறுபடி ஒரு பரீட்சை எதற்கு? பர்சன்டைல், ஸ்கோர், கட் ஆஃப் என்கிறார்களே, அதெல்லாம் என்ன? சென்னையில் கோச்சிங் சேர்த்தால்தான் முடியுமா? பக்கத்து வீட்டுத் தம்பி எழுதிய ஜிஆர்இ மாதிரி மற்ற தேர்வுகள் எல்லாம் எதற்கு? கடைசியில் ஒரு வரி: "ராமானுஜனே நம்ம கும்பகோணம் காலேஜில் பரீட்சையில் தோற்றவர்தானே?"

அண்ணே,

இதே காவிரிப் படுகையில் இருபத்து நான்கு வருஷமாகக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். எம்.எஸ்சி. படிக்க நுழைவுத் தேர்வு கட்டாயம் கிடையாது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ உள்ள கல்லூரிகளில் பட்டப்படிப்பு மார்க்கை வைத்தே சேரலாம். அப்படிச் சேர்ந்து நன்றாக வந்தவர்கள் நிறையப் பேர். பரீட்சை கேட்பவை பெரும்பாலும் மத்திய அரசின் நிறுவனங்கள். திருவாரூர் நீலக்குடியில் 2009-இலிருந்து இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சியூஇடி பிஜி. புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் அதே பரீட்சைதான். சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி என்றால் ஜாம். நீலக்குடியும் திருச்சியும் நம் வாசலில் இருக்கின்றன. ஆனால் அங்கே உள்ள இடங்களுக்குக் கேரளா, வங்காளம், பீகார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் போட்டிக்கு வருகிறார்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் மகளின் 84 சதவீதத்தில் பாரதிதாசன் பல்கலைக்கழக முறைப்படி 25 மார்க் கல்லூரி ஆசிரியர் போடும் உள்மதிப்பீடு, 75 மார்க் செமஸ்டர் தேர்வு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் கேள்வித்தாளையும் அவர்களே எடுக்கிறார்கள். ஒரு கல்லூரியில் 84 என்பது வகுப்பில் முதல் ஆள், இன்னொரு கல்லூரியில் அது நடுத்தரம். இரண்டும் பொய் மார்க் இல்லை, அளந்த மரக்கால்தான் வேறு வேறு. பழைய காலத்தில் ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்க "ஆடவல்லான் என்னும் மரக்கால்" என்று பேர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். பல ஊர்களிலிருந்து கோயிலுக்கு நெல் வந்து சேரும்போது அளவு ஒன்றாக இருந்தால்தான் கணக்கு நிற்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜன் காலத்துக் கணக்கர்களுக்கு இருந்த சிக்கல்தான் இன்றைக்கு ஐஐடிக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கிறது. ஆயிரம் கல்லூரிகளின் மார்க்கை ஒன்றாகக் கொட்டிப் பார்க்க முடியாது, அதனால் தங்கள் மரக்காலைக் கொண்டுவருகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே காரணத்துக்குத்தான் 1936-இல் மேற்படிப்புக்கான ஜிஆர்இ என்ற தேர்வின் வேலை தொடங்கியது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் கார்னகி அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கியது அது.

ஆனால் மரக்கால் எதை அளக்கிறது என்பதையும் பார்க்கணும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் மெஷின் இருக்கிறது. 17 சதவீதத்துக்கு மேல் என்றால் திருப்பி அனுப்புவார்கள். அந்த மெஷினுக்கு ஈரம் மட்டும்தான் தெரியும். சீரகச் சம்பாவா, சோறு எப்படி இருக்கும், அந்த நெல்லுக்கு நீங்கள் எத்தனை ராத்திரி தண்ணீர் காவல் காத்தீர்கள், இதெல்லாம் அதற்குத் தெரியாது. ஜாமும் அப்படித்தான். மூன்று மணி நேரத்தில், படித்த கருத்தைப் புதுக் கணக்கில் பொருத்திப் பார்க்க வருகிறதா என்பதை மட்டும் அது அளக்கிறது. ஒரு தேற்றத்தோடு ஆறு மாதம் மல்லுக்கட்டும் பொறுமையை அளக்காது. ரேங்க் வரவில்லை என்றால் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ராமானுஜன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை நம் ஊர்ப் பெற்றோர்கள் ஆறுதலாகச் சொல்லிக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைப் பார்க்கவில்லை, மற்ற பாடங்களில் தோற்றார், உதவித்தொகை போனது. பிறகு சென்னையில் எஃப்ஏ, அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய தேர்வு, எழுதியும் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அந்தக் கடிதம் போன பிறகுதான், அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாமலே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி கொடுத்தது. அண்ணே, இந்தக் கதையை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். எல்லாப் பாடத்தையும் சேர்த்துக் கட்டிய பரீட்சை அவரைத் தள்ளியது. காப்பாற்றியது, அவர் நோட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட நாலைந்து பெரிய மனிதர்கள். அப்படி நாலு பேர் கண்ணில் படுவது எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்? உங்கள் மகளுக்காக ஐஐடியில் யாருக்காவது போன் போட நம்மிடம் ஆள் இருக்கிறதா? ஜாம் கணிதத் தாளில் கணக்கு மட்டும்தான் கேட்பார்கள். பேரும் ஊரும் கல்லூரியும் பார்க்காமல் கம்ப்யூட்டர் திருத்துகிறது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வழி. குறை இல்லாத வழி என்று சொல்லமாட்டேன். விண்ணப்பக் கட்டணம், இங்கிலீஷ், தகவல் தெரிவது, இந்த மூன்றும் நகரத்துப் பிள்ளைக்குத்தான் சாதகம். இருந்தாலும் நம் பிள்ளைகளை அந்த வழியில் அனுப்பணும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, தேர்வு எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

செமஸ்டர் தாளில் "லெக்ராஞ்சி தேற்றத்தைக் கூறி நிறுவுக" என்று பத்து மார்க் கேள்வி வரும். நோட்டில் உள்ளதைப் பிழையில்லாமல் எழுதினால் பத்துக்குப் பத்து. ஜாமில் இப்படி வரும்: "மட்டு 12 கூட்டல் குலத்தில் எத்தனை உட்குலங்கள் இருக்கின்றன?" மகளிடம் கேட்டுப் பாருங்கள். தேற்றத்தை மனப்பாடம் செய்தவள் திணறுவாள். புரிந்து படித்தவள் 12-இன் வகுத்திகளை எண்ணி, 1, 2, 3, 4, 6, 12, ஆக ஆறு என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். ஜாமுக்கும் செமஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பாடம் பெரும்பாலும் அதேதான். மெய்ப் பகுப்பாய்வு, பல மாறி நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும், நேரியல் இயற்கணிதத்தோடு குலங்கள். எல்லாம் அவள் புத்தகத்தில் இருப்பவைதான், கேட்கும் விதம்தான் வேறு.

இதில் ஒரு சிக்கலை முன்னாலேயே சொல்லிவிடணும். பல கல்லூரிகளில் இந்தப் பாடங்கள் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில்தான் வருகின்றன. ஜாம் பிப்ரவரியில். ஆறாம் செமஸ்டர் பாடம் பாதிகூட நடந்திருக்காது. அதனால் அந்தப் பகுதியை வகுப்புக்கு முன்னாலேயே தானாகப் படித்தாகணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கவனிக்கவே இல்லை. நல்ல பிள்ளைகளிடம்கூட "முதலில் செமஸ்டரை முடி, அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னேன். அந்த "அப்புறம்" வரும்போது பரீட்சை முடிந்து போயிருக்கும். இரண்டு மூன்று பிள்ளைகள் அதனால் ஒரு வருஷத்தை இழந்தார்கள். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

ஜாம் தாளில் 60 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம், கம்ப்யூட்டரில். மூன்று பகுதி. முதல் பகுதியில் நாலு விடைகளில் ஒன்று சரி. தப்பாகப் போட்டால் மைனஸ் உண்டு. இரண்டாம் பகுதியில் ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கலாம்; சரியானவை அத்தனையும் குறித்தால்தான் மார்க், தப்பானால் மைனஸ் இல்லை. மூன்றாம் பகுதியில் விடைகளே தரமாட்டார்கள், எண்ணைத் தட்டச்சு செய்யணும். அங்கேயும் மைனஸ் இல்லை. இந்தக் கடைசி இரண்டு பகுதிகளிலும் ஒரு கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. இதைத் தெரியாமலே பயந்து விட்டுவிட்டு வரும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

மைனஸ் மார்க்கைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பயம் அளவுக்கு மீறியது. கணக்காகவே பாருங்கள். ஜாமில் ஒரு மார்க் கேள்வி தப்பானால் மூன்றில் ஒரு பங்கு போகும். நாலு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டால், நாலு தடவையில் ஒரு தடவை 1 வரும், மூன்று தடவை மூன்றில் ஒரு பங்கு போகும். கூட்டினால் பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து அதை நீக்கிவிட்டால், மீதி மூன்றில் ஒன்றைப் போடுவது சராசரியில் லாபம். கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு மார்க். சின்னத் தொகைதான், ஆனால் சின்னத் தொகைகள் சேர்ந்துதான் ரேங்க் ஆகிறது. சியூஇடியில் சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. அங்கே கண்ணை மூடிப் போட்டாலே சராசரி கால் மார்க் லாபம். அதனால் சியூஇடியில் நேரம் இருக்கும்வரை விடக்கூடாது. அங்கே 75 கேள்வி, 300 மார்க், நேரம் ஜாமைவிடக் குறைவு. யோசிப்பதைவிட வேகம் முக்கியமான தேர்வு அது. ஜாமுக்குத் தயாரானவள் சியூஇடியை எழுதலாம், ஆனால் கடைசி மூன்று வாரம் கடிகாரம் வைத்துப் பழகணும்.

இப்போது பர்சன்டைல். இதைப் பர்சன்டேஜோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 93 சதவீதம் என்றால் நூறு மார்க்குக்கு 93. 93 பர்சன்டைல் என்றால் எழுதியவர்களில் நூற்றுக்கு 93 பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள். தாள் கஷ்டமாக இருந்தால் 45 மார்க் வாங்கியவரும் 93 பர்சன்டைலில் இருக்கலாம். இதனால்தான் உங்கள் மகள் பழைய தாளை வீட்டில் போட்டுப் பார்த்து 38 மார்க் வாங்கினால் அழவேண்டாம் என்கிறேன். ஜாம் கணிதத்தில் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டி எடுத்தவர்களே நல்ல ரேங்க்கில் நிற்கிறார்கள். கல்லூரியில் 84 வாங்கிப் பழகிய பிள்ளைக்கு 38 என்பது தோல்வியாகத் தெரியும். நவம்பரில் 38 என்றால் அது நல்ல தொடக்கம்.

ஒரே பாடத்தை இரண்டு வேளையாகப் பிரித்து நடத்தினால் இன்னொரு திருத்தம் வரும். நார்மலைசேஷன் என்பார்கள். காலைப் பனியில் அளந்த நெல்லும் மத்தியான வெயிலில் அளந்த நெல்லும் ஒரே ஈரம் காட்டாது என்று உங்களுக்கே தெரியும். காலைத் தாள் கஷ்டமாகவும் மாலைத் தாள் சுலபமாகவும் அமைந்துவிட்டால், இரண்டு வேளை எழுதியவர்களின் மார்க் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்துச் சமன் செய்கிறார்கள். பொறியியல் கேட் தேர்வில் அதன் மேல் இன்னொரு படியும் உண்டு. நூற்றுக்கு வாங்கிய மார்க்கை ஆயிரத்துக்கு ஸ்கோராக மாற்றுவார்கள். தகுதி மார்க்கைச் சரியாகத் தொட்டவருக்கு 350, உச்சியில் இருக்கும் சிறு கூட்டத்தின் சராசரிக்கு 900, நடுவில் உள்ளவர்களை அந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டில் வைப்பார்கள். அதனால்தான் ஒரு வருஷம் 60 மார்க்குக்கு வந்த ஸ்கோர் அடுத்த வருஷம் 60-க்கு வராது. கட் ஆஃப் என்பது இடம் கிடைத்த கடைசி ஆளின் மார்க். அதுவும் முன்கூட்டியே எழுதி வைத்த எண் இல்லை. அந்த வருஷத் தாளும், எழுதியவர்களும், இருக்கும் இடங்களும் சேர்ந்து தீர்மானிப்பது. போன வருஷ எண்ணை வைத்து ஜோசியம் சொல்பவர்களை நம்பவேண்டாம்.

நான் அதிகம் எழுத நினைத்தது இனிமேல் வருவதைப் பற்றித்தான். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை நம் டெல்டாப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோற்றது கேள்வித்தாளிடம் இல்லை. தேதியிடமும் காகிதத்திடமும் தோற்றார்கள்.

ஜாம் விண்ணப்பம் செப்டம்பரில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். சம்பா நாற்று, நடவு என்று வீட்டில் ஒருவருக்கும் தலை நிமிர நேரமில்லாத மாதங்கள். கையில் காசும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் போய்விடும். பரீட்சை பிப்ரவரியில், சம்பா அறுவடை நேரம். சியூஇடி பிஜி விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் வந்து, தேர்வு மார்ச்சில் நடக்கும். நடுவில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் நம் பக்கத்து மழைக்காலம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் இருந்தார்கள். அதிலிருந்து என் மாணவர்களுக்குப் பழைய தாள்களை அச்செடுத்தே கொடுக்கிறேன், போனில் மட்டும் வைத்துக்கொள்ள விடுவதில்லை.

நாற்றுக்கு விதை விடும் நாளைத் தள்ளிப்போடமாட்டீர்கள் அல்லவா, அதே கண்டிப்போடு இந்தத் தேதிகளையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஜாமில் பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு மாதப் பணத்தை இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இதில் இடறி விழுந்தவர்கள் ஏராளம். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநிலத்துக்கானது. மத்திய நிறுவனங்களில் 27 சதவீத ஒதுக்கீடு கேட்க ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். கிரீமி லேயரில், அதாவது வசதி மிகுந்த பிரிவில், இல்லை என்று குறிப்பிட்டு மத்திய அரசின் படிவத்தில் இருக்கணும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாசில்தார் அலுவலகம் வழியாக வாங்கணும். பழையது செல்லாது என்று சொல்லிவிடுவார்கள், அந்தந்த நிதியாண்டுக்குரியதைக் கேட்பார்கள். வருஷ வருமானம் 8 லட்சம் என்ற வரம்பைப் பார்த்துவிட்டு, "நிலம் இருக்கிறதே" என்று சிலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. நிலத்துக்குத் தனி அளவுகோல் உண்டு. மூன்று ஏக்கர்க்காரர் அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

பேர் இன்னொரு சிக்கல். நம்முடையது இனிஷியலும் பேரும். விண்ணப்பத்தில் முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டு கட்டம் கேட்பான். ஒரு சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், இன்னொன்றில் அப்பா பேர் முழுசாக என்று இருந்தால் சேர்க்கையின்போது உயிர் போகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் வேறாக இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

இமெயிலும் போன் நம்பரும் மகளுடையதாகவே இருக்கணும். என் மாணவி ஒருத்திக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்குத் தங்கள் இமெயிலையே போட்டுவிட்டார்கள். ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் அங்கே வேலை பார்த்த பையன் ஊரில் இல்லை, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அந்தப் பெண் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். படிக்கவேண்டிய கடைசி வாரம் அப்படிப் போனது.

கோச்சிங். கடன் வாங்கிச் சென்னைக்கு அனுப்பவேண்டாம் என்பதுதான் என் கருத்து. அடிப்படை இல்லாத பிள்ளைக்கு மூன்று மாதக் கோச்சிங் ஒன்றும் செய்யாது. அடிப்படை இருக்கும் பிள்ளைக்கு வேண்டியது பழைய கேள்வித்தாளும், திருத்திச் சொல்ல ஓர் ஆளும், கூடப் படிக்க இரண்டு தோழிகளும்தான். ஜாம் பழைய தாள்கள் விடையோடு அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஐடி ஆசிரியர்கள் நடத்திய பாடங்கள் என்பிடெல் தளத்தில் காசில்லாமல் இருக்கின்றன. முழுப் பாடத்தையும் பார்க்க உட்கார்ந்தால் வருஷம் போய்விடும். தாளைப் போட்டுப் பார்த்து, எங்கே தடுக்குகிறதோ அந்தப் பகுதியை மட்டும் பார்க்கணும். தப்புப் போட்ட ஒவ்வொரு கேள்வியையும் தனி நோட்டில் எழுதி, ஏன் தப்பானது என்று தமிழிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு எந்தக் கோச்சிங் புத்தகத்தையும்விட மேல்.

தமிழ்வழியில் படித்தவள் என்று எழுதியிருந்தீர்கள். ஜாம் தாள் இங்கிலீஷில்தான். ஆனால் கணிதத் தாளுக்குத் தேவையான இங்கிலீஷ் கொஞ்சம்தான். அட் மோஸ்ட், அட் லீஸ்ட், நெசசரிலி, ஃபார் எவ்ரி, தேர் எக்ஸிஸ்ட்ஸ், இந்த மாதிரி நாற்பது ஐம்பது சொற்கள்தான் பிள்ளைகளைக் கவிழ்க்கின்றன. "எக்ஸாக்ட்லி ஒன்" என்பதை "அட் லீஸ்ட் ஒன்" என்று படித்துவிட்டு, கணக்கைச் சரியாகப் போட்டும் மார்க் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருள் எழுதி ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். மாறாக, சென்னை சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் தானே நடத்தும் தேர்வில் நிறுவலை விவரமாக எழுதிக் காட்டணும். கணக்கை நிஜமாகவே நேசிக்கிற பிள்ளை என்றால் அதையும் எழுதச் சொல்வேன். அங்கே அரைகுறை யோசனைக்கும் மதிப்பு உண்டு.

மற்ற தேர்வுகளைப் பற்றிக் கேட்டிருந்ததால் சுருக்கமாக. பொறியியல் கேட் எம்.டெக். படிப்புக்கும், பொதுத்துறை நிறுவன வேலைக்கும். அதில் கணிதத் தாளும் உண்டு, மூன்றாம் ஆண்டில் இருப்பவரே எழுதலாம், ஸ்கோர் 3 வருஷம் செல்லும். ஆனால் எம்.எஸ்சி. சேர அது வேண்டாம். ஐஐஎம்களில் எம்பிஏ சேர ஒரு கேட் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், விண்ணப்பிக்கும்போது குழம்பிவிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் இப்போது எம்பிஏ, எம்சிஏ இரண்டுக்கு மட்டும். எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சித் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. படிக்க வைத்துக்கொண்டே இருக்கணுமா என்று கவலைப்படும் வீடுகளில் இந்தத் தொகையை நான் தவறாமல் சொல்வேன்.

உங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி எழுதிய ஜிஆர்இ வெளிநாட்டுப் படிப்புக்கு. 2023 செப்டம்பரிலிருந்து அதை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டார்கள். மைனஸ் கிடையாது. முதல் பகுதியில் எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அடுத்த பகுதியின் கடினம் மாறும். ஸ்கோர் 5 வருஷம் செல்லும். மொழிப் பகுதியில் 170-க்கு 160 வாங்கியவர் ஐந்தில் நாலு பேருக்கு மேலே நிற்பார். கணக்குப் பகுதியில் அதே 160 ஏறத்தாழ நடுவில்தான். கணக்கில் வல்லவர்கள் அத்தனை பேர் எழுதுகிறார்கள். ஒரே எண், இரண்டு பொருள். மேலே சொன்ன பர்சன்டைல் விஷயம்தான். பல பல்கலைக்கழகங்கள் கொரோனாவுக்குப் பிறகு அதைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டன. கட்டணம் பெரிய தொகை என்பதால், சேரப் போகும் துறை கேட்கிறதா என்று பார்க்காமல் யாரும் பணம் கட்டவேண்டாம்.

இப்போது ஆடி முடியப் போகிறது. ஜாம் விண்ணப்பம் திறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் ஓபிசி சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மகள் பேரில் ஒரு இமெயில் திறந்து, பாஸ்வேர்டை உங்கள் சிட்டா, அடங்கல் வைத்திருக்கும் ஃபைலிலேயே எழுதி வையுங்கள். நடவுக்கு முன்னால் ஒரு நாள், வேலை நாளாகப் பார்த்து, அவளை நீலக்குடிக்கு அழைத்துப் போய் வளாகத்தையும் நூலகத்தையும் காட்டுங்கள். அங்கே எம்.எஸ்சி. படிக்கிற நம் ஊர்ப் பெண்கள் யாராவது இருப்பார்கள், அவர்களோடு அரை மணி நேரம் பேச விடுங்கள். போன வருஷத்து ஜாம் தாளை அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து போட்டு முடித்ததும், மார்க் எதுவாக இருந்தாலும், தப்புப் போட்ட கேள்விகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் அண்ணே. எங்கே தடுக்கியது என்று பார்த்துச் சொல்கிறேன்.